தாழ்ப்பாளைத் தொட்டால் திட்டாதீங்க... சுவரில் ஒன்று மாட்டிக் கொடுங்க!

ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் காட்சி தினமும் நடக்கும். காசு கொடுத்து வாங்கிய பொம்மை மூலையில் கிடக்கும். குழந்தையோ பீரோ சாவியைத் திருகிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் கதவுக் கொண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு ‘டக் டக்’ என்று சத்தம் எழுப்பும். "ஏய், கையை எடு!" என்று அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் வரும்.

பார்ப்பவர்களுக்கு அது குறும்பு. குழந்தைக்கோ அது பயிற்சி. நாளைக்குச் சட்டைப் பட்டன் போடவும், பென்சில் பிடிக்கவும் வேண்டிய விரல்கள் இப்போதே பழக ஆரம்பிக்கின்றன. அந்த ஆசைக்குப் பாதுகாப்பான ஓர் இடம் கொடுப்பதுதான் ‘பிஸி போர்டு’ எனப்படும் சுவர் விளையாட்டுப் பலகை. தாழ்ப்பாள், கொக்கி, ஜிப், சக்கரம், சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே பலகையில் பொருத்தி, குழந்தையின் உயரத்தில் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

ஆன்லைனில் இது சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை விற்கிறது. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூர் போன்ற ஊரில் இருப்பவர்கள் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதே இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவேலை தெரிந்த கைகள் நிறைந்த மாவட்டம் இது. ஒரு தச்சரும் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையும் இருந்தால் போதும்.

விரல்கள் என்ன கற்கின்றன?

பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தை எதையும் முழு உள்ளங்கையால்தான் பற்றும். ஏறக்குறைய 9 முதல் 12 மாதத்துக்குள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, தரையில் கிடக்கும் ஒரு பொரியைக்கூட எடுத்துவிடும். பிற்காலத்தில் ஊசியில் நூல் கோப்பது வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பிடிதான் அடிப்படை.

பலகையில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு வேலை கற்றுத்தரும். தாழ்ப்பாளைத் தள்ளும்போது விரல்களுக்கு வலு வரும். மூடியைத் திருகும்போது மணிக்கட்டு திரும்பப் பழகும். ஜிப்பை இழுக்க ஒரு கை துணியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை இழுக்க வேண்டும். இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்வது குழந்தைக்கு அவ்வளவு சுலபமில்லை.

ஏன் சுவரில்?

தரையில் வைத்த பொம்மையைத் தூக்கி எறியலாம், தொலைக்கலாம். சுவரில் இருப்பது அங்கேயே இருக்கும். நின்றுகொண்டு, செங்குத்தான பரப்பில் கையை உயர்த்தி வேலை செய்யும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து உறுதியாகும். எழுதுவதற்கு இந்த இரண்டுமே வேண்டும். சின்ன வீட்டில் இடமும் அடைக்காது.

அடையாறு வரை வந்த யோசனை

இந்த எண்ணம் புதிதல்ல. இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பட்டன், கொக்கி, நாடா முடிச்சு ஆகியவற்றைத் துணியில் தைத்து, அந்தத் துணியை மரச்சட்டத்தில் பொருத்திக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். ஆடை அணியப் பழக்குவதற்கான சாதனம் அது. 1939-ல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர சென்னை அடையாறுக்கு வந்தவர், இரண்டாம் உலகப் போர் காரணமாக நாடு திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். நிஜப் பொருளைக் குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் அதே வழிதான் இன்றைய சுவர்ப் பலகையிலும் இருக்கிறது.

நீங்களே செய்யலாம்

* இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கனமான பிளைவுட் அல்லது மரப்பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரங்களையும் முனைகளையும் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். சிராய் ஏறக்கூடாது.
* தாழ்ப்பாள், கொக்கி, கீலுடன் கூடிய குட்டிக் கதவு, சுற்றும் சக்கரம், பழைய பையிலிருந்து வெட்டிய ஜிப், பெரிய பட்டன் தைத்த துணி... இவற்றில் ஐந்தாறு போதும். கூடினால் குழந்தை எதிலும் நிலைக்காது.
* தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொடங்கி மூன்றடிக்குள் பலகை முடியட்டும்.
* ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள். சுவரில் துளையிட்டு, நான்கு மூலையிலும் திருகு போட்டு இறுக்குங்கள். குழந்தை அதைப் பிடித்துத் தொங்கத்தான் செய்யும்!

எந்த வயதுக்கு எது?

ஒரு வயதில் சுழற்றும் சக்கரமும், திறந்து மூடும் குட்டிக் கதவும் போதும். இரண்டு வயதையொட்டி சுவிட்ச், குமிழ் போன்றவற்றை இயக்கிப் பார்க்கும். இரண்டரை வயதில் மூடியைத் திருகித் திறக்கும். மூன்று வயதில் பெரிய மணிகளைக் கோக்கும். நான்கு வயதில் சில பட்டன்களைக் கழற்றும். போடுவதற்கு ஐந்து வயதுகூட ஆகலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேகம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

இவற்றில் உஷார்!

மூன்று வயதுக்குக் கீழே, வாயில் போடக்கூடிய அளவில் எந்தப் பொருளும் கழன்று வரக்கூடாது. வாரம் ஒரு முறை எல்லாத் திருகையும் ஆட்டிப் பாருங்கள். காந்தமும் பட்டன் பேட்டரியும் பலகையில் வேண்டவே வேண்டாம். விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கயிறு, நாடா எதுவும் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிளக் பாயின்ட்டையும் பொருத்தாதீர்கள். பலகையில் அதைத் தொட்டுப் பழகிய கை, சுவரில் கரன்ட் உள்ளதையும் தேடிப் போகும்.

கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது. பலகையில் தாழ்ப்பாள் திறக்கக் கற்ற குழந்தை, வாசல் கதவையும் திறக்கும். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளவும் செய்யும். வெளியே சாலையும் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. அதனால் பலகை மாட்டும் அன்றே வாசல் கதவுக்கும் குளியலறைக்கும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். தச்சர் வந்திருக்கும்போதே முடித்துவிட்டால் நல்லது.

செல்போன் செய்யாத வேலை

இரண்டு வயது நிறையும் வரை குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரையைத் தடவ ஒரு விரல் நுனி போதும். இழுப்பது, திருகுவது, அழுத்துவது எதுவும் அதில் இல்லை.

அதற்காகப் பலகையில் விட்டுவிட்டு நாம் போனைப் பார்க்கப் போய்விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, "கொக்கியை மாட்டு", "இப்போ கதவைத் திற" என்று பேசினால் விரலோடு சேர்ந்து பேச்சும் வளரும். தாத்தா, பாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? மூன்று வயதுக்கு மேல், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மொச்சை உரிப்பதும், சப்பாத்தி மாவை உருட்டுவதும்கூட இதே பயிற்சிதான்.

எப்போது மருத்துவரிடம் போகலாம்?

ஒரு வயது தாண்டியும் விரல்களால் எதையும் எடுக்கவில்லை, எப்போதும் கையை மூடியே வைத்திருக்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று நிறுத்திவிட்டது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அரசு மருத்துவக் குழுவிடமோ, அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சி நன்றாகப் பலன் தரும்.

உங்கள் குழந்தை வளர்ந்து, பலகையைத் தொடாத நாளும் வரும். அப்போது அதைப் பரணில் போடாதீர்கள். திருகுகளை ஒரு முறை இறுக்கி, ஊர் அங்கன்வாடிக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே அதை எதிர்பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து ஜோடிக் கைகள் இருக்கும்.