பெயர்ப் பலகையில் மட்டும் ‘வைன்ஸ்’: கவனம் பெறாத இந்திய ஒயினும் அதன் திராட்சை ரகங்களும்

சித்தூர்/திருப்பதி: ஆந்திரப் பிரதேச மாநிலத்தின் சித்தூர், திருப்பதி நகரங்களில் மதுக்கடைகளின் முகப்பில் பெரும்பாலும் ‘வைன்ஸ்’ என்றே எழுதப்பட்டிருக்கும். 2019-ஆம் ஆண்டு முதல் அரசே நடத்திவந்த சில்லறை மது விற்பனை, 2024 அக்டோபர் 16-ஆம் தேதி மீண்டும் தனியார் வசம் சென்றது. மாநிலம் முழுவதும் 3,396 கடைகளுக்கு உரிமம் வழங்கப்பட்டதைத் தொடர்ந்து, அந்தப் பலகைகளும் வீதிகளுக்குத் திரும்பின. ஆனால், இக்கடைகளில் பெருமளவில் விற்பனையாவது பிராந்தி, விஸ்கி, பீர் ஆகியவையே. திராட்சையிலிருந்து தயாராகும் உண்மையான ஒயின், அலமாரியின் ஒரு மூலையில் சில புட்டிகளாக இருந்தாலே அதிகம்.

சித்தூரிலிருந்து மேற்கே பலமநேர், முல்பாகல் வழியாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சென்றால் கர்நாடகத்தின் கோலார் வந்துவிடும். கோலாரும் அதை ஒட்டிய சிக்கபள்ளாப்பூரும் திராட்சைப் பந்தல்களுக்குப் பெயர் பெற்ற மாவட்டங்கள். அங்குள்ள நந்தி மலை அடிவாரத்தில் தயாராகும் ஒயின் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. இருப்பினும், ஒயின் தயாரிக்கும் நாடு என்றவுடன் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகியவை நினைவுக்கு வரும் அளவுக்கு இந்தியா எவர் நினைவுக்கும் வருவதில்லை. இந்தியர்களின் நினைவுக்கே வருவதில்லை. இதற்கான காரணங்களை ஆலைகளில் தேடுவதைவிடத் திராட்சைத் தோட்டங்களிலும் வரி விதிகளிலும் தேடுவதே பொருத்தமாக இருக்கும்.

ஒயின் என்பது எது?

பழுத்த திராட்சையின் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றுவதே நொதித்தல். இவ்வாறு கிடைக்கும் ஒயினில் ஆல்கஹாலின் அளவு பொதுவாக 11 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி வகைகளில் இது 42.8 சதவீதம். அவற்றுள் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடிக்கப்படும் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்டவை.

கருந்திராட்சையைத் தோலோடும் விதையோடும் நொதிக்கவைத்தால் சிவப்பு ஒயின் கிடைக்கும். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவைத்தால் வெள்ளை ஒயின். தோலோடு சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டுச் சாற்றைப் பிரித்தால் இளஞ்சிவப்பு நிற ‘ரோசே’. இதில் வேறு பழமோ தண்ணீரோ சேர்க்கப்படுவதில்லை என்பதால், திராட்சை எந்த ரகம், எங்கு விளைந்தது, எப்போது பறிக்கப்பட்டது என்பனவே சுவையை முடிவு செய்கின்றன. ஐரோப்பியப் புட்டிகளில் ஊர்ப் பெயரும், பிற நாட்டுப் புட்டிகளில் ரகத்தின் பெயரும் பெரிய எழுத்துகளில் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

இந்தியாவுக்குத் திராட்சை மது புதியதும் அன்று. திராட்சைச் சாற்றிலிருந்து தயாராகும் மதுவைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் தனியே வகைப்படுத்துகிறது. யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பற்றிப் புறநானூற்றுப் பாடல் ஒன்று பேசுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்திறங்கிய ‘ஆம்போரா’ ஜாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்துள்ளன.

உண்ணும் திராட்சை வேறு, ஒயின் திராட்சை வேறு

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 லட்சம் டன் அளவில் திராட்சை விளைகிறது. இதில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களைச் சேர்ந்தது. ஆனால், ஒயின் ஆலைகளுக்குச் செல்வது இந்த மொத்த விளைச்சலில் ஓரிரு சதவீதமே. எஞ்சியவை பழமாகவும் உலர்திராட்சையாகவும் பயன்படுகின்றன.

விளைகின்ற ரகங்களே இதற்கு முதற்காரணம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் தாம்சன் சீட்லெஸ், அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா, ஒரு காலத்தில் ஹைதராபாத்தின் அடையாளமாக விளங்கிய அனாப்-இ-ஷாஹி ஆகியவை உண்பதற்கான ரகங்கள். பழம் பெரிதாகவும், தோல் மெல்லியதாகவும், விதை குறைந்தோ இல்லாமலோ இருப்பதே இவற்றின் சிறப்பு. ஒயினுக்கோ இதற்கு நேர்மாறான பண்புகள் தேவை. பழம் சிறியதாகவும் தோல் தடித்தும் இருந்தால்தான் சாற்றின் அளவோடு ஒப்பிடுகையில் தோலின் பங்கு கூடும். நிறம், மணம், ‘டானின்’ எனப்படும் துவர்ப்பு ஆகியவை தோலிலும் விதையிலும்தான் அடங்கியுள்ளன. சர்க்கரையின் அளவும் உண்ணும் பழத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆகவே, சந்தையில் விலைபோகாத உண்ணும் திராட்சையை ஒயின் ஆலைக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் நடைமுறைக்கு ஒத்துவருவதில்லை. ஒயினுக்கு எனத் தனி ரகத்தை நட்டு, பலன் தொடங்கும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மேலும், தரத்துக்காகக் கொடியில் கொத்துகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதால், ஏக்கருக்கான விளைச்சல் உண்ணும் திராட்சையைவிட வெகுவாகக் குறையும்.

பெங்களூரு நீலமும் கம்பம் பன்னீரும்

தென்னிந்தியாவுக்கே உரிய இரு ரகங்கள் இந்த எல்லைக்கோட்டின் நடுவே நிற்கின்றன. முதலாவது, கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூரு ஊரகப் பகுதிகளில் விளையும் ‘பெங்களூர் புளூ’. கருநீல நிறமும் தடித்த தோலும் கொண்ட இந்த ரகம் அமெரிக்கத் திராட்சை இனத்தின் கலப்பில் தோன்றியது. நோய்களைத் தாங்கும், செலவு குறைவு. சாறு, ஜாம், இனிப்பான ‘போர்ட்’ வகை ஒயின் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. எனினும், அதன் தனித்த கடும் மணத்தை உலக ஒயின் சந்தை விரும்புவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழம், உயர்விலை ஒயின்களில் இடம்பெறாததற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என உலகம் அறியும் இந்த ரகத்தை, 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இப்பகுதிக்கு அறிமுகப்படுத்தியதாகப் பதிவுகள் கூறுகின்றன. நாட்டின் பிற பகுதிகளில் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நடைபெறும். கம்பத்தில் ஆண்டு முழுவதும் நடைபெறும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, இயல்பான நறுமணத்தால் ஒயினுக்கும் உகந்தது. ஆயினும், இதன் பெரும்பகுதி தள்ளுவண்டிகளிலும் பழக்கடைகளிலும் கிலோ கணக்கில்தான் விற்பனையாகிறது.

நாசிக்கும் நந்தியும்

இன்றைய இந்திய ஒயினின் தொடக்கம் 1980-களைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் நாராயண்காவ் பகுதியில் பிரெஞ்சு முறையில் நுரைக்கும் ஒயின் தயாரிக்கும் முயற்சி அப்போது தொடங்கியது. 1988-இல் கன்வல் குரோவர் பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியில் பிரெஞ்சு ரகங்களுடன் ‘குரோவர்’ தோட்டத்தைத் தொடங்கினார். புகழ்பெற்ற பிரெஞ்சு ஒயின் வல்லுநர் மிஷெல் ரோலான் அதன் ஆலோசகரானார். 1990-களின் இறுதியில் ராஜீவ் சமந்த் நாசிக்கில் ‘சுலா’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2022 டிசம்பரில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

இத்தோட்டங்களில் வெள்ளை ஒயினுக்குச் சோவிஞான் பிளாங், செனின் பிளாங், வியோனியே ஆகியவையும், சிவப்பு ஒயினுக்கு ஷிராஸ், கேபர்னே சோவிஞான், ஜின்ஃபண்டெல் ஆகியவையும் முக்கிய ரகங்கள். சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லூஜ் பகுதியில் இத்தாலியின் சான்ஜியோவேசே ரகம் விளைகிறது. ஹம்பி பகுதியிலும் ஒயின் தோட்டம் உள்ளது. சோவிஞான் பிளாங்கில் பச்சை மிளகாயையும் கொய்யாவையும் நினைவூட்டும் மணமும், ஷிராஸில் மிளகின் காரமும் இருப்பதாகச் சுவைப்போர் கூறுவதுண்டு.

கொடி உறங்காத நாடு

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் திராட்சைக் கொடி உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து, இலையுதிர்காலத் தொடக்கத்தில் அறுவடைக்கு வரும். வெப்ப நாடான இந்தியாவில் கொடி உறங்குவதில்லை. அதனால் விவசாயிகள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கின்றனர். ஏப்ரல் வாக்கில் செய்யும் முதல் கவாத்து கொடியை வளர்ப்பதற்கானது. அதில் காய்ப்பு எடுப்பதில்லை. மழைக்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் இரண்டாவது கவாத்து பழத்துக்கானது. இதனால் மழையைத் தவிர்த்து, குளிர்ந்த இரவுகளில் பழம் முதிர்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை நடைபெறுகிறது. பகல் வெப்பம் சர்க்கரையைக் கூட்ட, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கும். கடல் மட்டத்திலிருந்து உயர்ந்த மேட்டுநிலங்கள் ஒயினுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதற்காகவே.

அண்டை மாவட்டங்களாக இருந்தும் சித்தூர், திருப்பதி சமவெளிகளில் இத்தொழில் வேரூன்றாததை இந்த நாள்காட்டியே விளக்குகிறது. மேட்டுநிலத்தைவிடத் தாழ்ந்த இப்பகுதிகளில் இரவு வெப்பம் அதிகம். அதற்கும் மேலாக, வடகிழக்குப் பருவமழை இங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2021 நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. பழக் கவாத்துக்குப் பின் இளந்தளிரும் பூவும் தோன்றும் அதே வாரங்களில் பெய்யும் மழை, அடிச்சாம்பல் நோய்க்கு வழிவகுத்துக் கொத்துகளை அழித்துவிடும்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரி

அரசமைப்புச் சட்டத்தின்படி மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஜிஎஸ்டி வரம்புக்குள் அது வருவதில்லை. எனவே, நாசிக்கில் தயாரான ஒரு புட்டி வேறு மாநிலத்தை அடைய வேண்டுமெனில், அங்கு உரிமம், முத்திரைச்சீட்டுப் பதிவு, கலால் வரி ஆகியவற்றைப் புதிதாக எதிர்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குக் கொள்கை வகுத்து வரிச்சலுகை அளித்தது. கர்நாடகம் 2007-இல் தனிக் கொள்கை அறிவித்து, ஒயின் வாரியத்தையும் அமைத்தது. இந்திய ஒயினின் பெரும்பகுதி இவ்விரு மாநிலங்களிலேயே தயாராவது தற்செயல் அன்று. மறுபுறம், குஜராத்திலும் பிகாரிலும் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. 2022-இல் பெரிய பலசரக்கு அங்காடிகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அரசு எடுத்த முடிவு, சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே உள்ளிட்டோரின் எதிர்ப்பைச் சந்தித்து, நடைமுறைக்கு வரவில்லை.

இறக்குமதி ஒயினுக்கு விதிக்கப்படும் 150 சதவீதச் சுங்கத் தீர்வை உள்நாட்டுத் தயாரிப்புக்கு நீண்டகாலமாக அரணாக இருந்துவருகிறது. அந்த அரண் இப்போது தளர்கிறது. 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தத்தின்படி, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட அந்நாட்டு ஒயின்களுக்கான தீர்வை பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. உள்ளூர் ஒயின் இனித் தரத்தாலும் பெயராலும் போட்டியிட்டாக வேண்டும்.

விவசாயிக்கு என்ன பயன்?

உண்ணும் திராட்சையில் பழத்தைப் பெரிதாக்கும் வளர்ச்சி ஊக்கி, காய் கழித்தல், தரம் பிரித்தல், அட்டைப்பெட்டி எனச் செலவு கூடும். பறித்த பழம் சில நாள்களில் விற்றாக வேண்டும். ஒயின் திராட்சைக்கு இச்செலவுகள் குறைவு; பெரும்பாலும் ஆலையுடன் முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்யப்படுகிறது. ஆனால், அந்தப் பழத்துக்கு ஆலையைத் தவிர வேறு சந்தை இல்லை. கையளவுள்ள, புளிப்பும் விதையும் மிகுந்த அந்தக் கொத்தைப் பழக்கடையில் எவரும் வாங்கமாட்டார்கள். 2008-க்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் ஒயின் விற்பனை சரிந்தபோது, நாசிக் பகுதி விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் உண்ணும் திராட்சைக்கு மாறினர்.

இந்தச் சிக்கல் சித்தூர் விவசாயிகளுக்குப் புதியதன்று. கிருஷ்ணகிரியுடன் சேர்ந்து நாட்டின் மாம்பழக்கூழ் தொழிலுக்கு மையமாக விளங்கும் இம்மாவட்டத்தில், தோத்தாபுரி மாம்பழத்தைப் பெரிதும் நம்பியிருப்பவை கூழ் ஆலைகளே. 2025-இல் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாக 12 ரூபாய் கிடைக்க மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. பழத்தைப் பதப்படுத்தினால் அதன் ஆயுள் நீளும். விவசாயியின் விலைக்கு உறுதி கிடைக்க வேண்டுமெனில் வாங்குவோர் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும் என்பதே இரு பழங்களும் உணர்த்தும் பாடம்.

அந்த வகையில், உண்ணவும் பிழியவும் நொதிக்கவைக்கவும் ஏற்ற பன்னீர் திராட்சையும், சாறுக்கும் ஒயினுக்கும் பயன்படும் பெங்களூர் புளூவும் விவசாயிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்களைத் திறந்துவைக்கும் ரகங்களாகும். பிரெஞ்சு ரகங்களோடு இவற்றுக்கும் உரிய ஒயின் முறைகளை உருவாக்குவது, இந்திய ஒயினுக்குத் தனி அடையாளம் தேடுவோர் முன்னுள்ள பணியாகும்.