திருவிழாக் கச்சேரியைப் படம் பிடித்தல்

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையில் சுவாமி புறப்பாடு என்று வைத்துக்கொள்வோம். நாதசுரமும் தவிலும் முன்னே வருகின்றன. தெருவின் இருபுறமும் கைப்பேசிகள் உயர்கின்றன. மறுநாள் அந்தப் படங்களைப் போட்டுப் பாருங்கள். நாதசுரக்காரர் தெளிவாகத் தெரிவார்; ஆனால் அவர் வாசித்த தோடி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். படம் எடுத்தவரின் பக்கத்தில் நின்றவர் பேச்சுதான் கணீரென்று ஒலிக்கும். நேரில் நம்மை மெய்மறக்கச் செய்த இசை, படத்தில் ஏன் இப்படிச் சோர்ந்துவிடுகிறது?

விலை உயர்ந்த கருவி இல்லாதது மட்டும் இதற்குக் காரணமன்று. ஒலியின் இயல்பு நமக்குத் தெரியாததே முக்கியக் காரணம்.

முதலில் காது, பிறகு கண்

திறந்த வெளியில் ஒலியின் செறிவு, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகும். ஒரு மீட்டரில் இருக்கும் செறிவு 20 மீட்டரில் 400இல் ஒரு பங்காகிவிடும். பக்கத்தில் நிற்பவரின் பேச்சோ குறைவதில்லை. நேரில் கேட்கும்போது நம் இரு காதுகளும் மூளையும் சேர்ந்து, வேண்டிய ஒலியைப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பேசியில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. தவிலில் ஓர் அடி பலமாக விழுந்ததும் அது எல்லா ஒலியையும் அமுக்கிவிடும். பிறகு மெல்ல உயர்த்தும். பேச்சைப் பதிவு செய்ய இது உதவும். இசையிலோ உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாடுதான் உயிர். அதையே இது அழித்துவிடுகிறது. அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, அளவை நாமே வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே முதல் விதி: கேமரா எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், மைக் கலைஞருக்கு அருகில் இருக்க வேண்டும்.

வீணை, வயலின் போன்ற கருவிகளின் உடலிலேயே ஒட்டிவைக்கும் மைக்குகளும் உண்டு. விருத்தாசலம் என்றதும் பீங்கான் பொருள்கள் நினைவுக்கு வருமல்லவா? இந்த மைக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் ஒருவகைப் பீங்கான்தான். ஆனால் இது கோப்பை செய்யும் பீங்கான் அன்று. ஈயம், சிர்கோனியம், டைட்டேனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்தது. அதை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். தந்தியின் அதிர்வு பீங்கானை அழுத்த, அது மின்குறியாக மாறுகிறது. சில படிகங்களில் இந்த விளைவை 1880இல் கண்டவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் ஆவர்.

ஒரு தட்டலின் விலை

மைக் ஓரிடம், கேமரா ஓரிடம் என்றால் ஒலியும் படமும் தனித்தனியே பதிவாகும். பிறகு இரண்டையும் பொருத்த வேண்டும். படப்பிடிப்பில் 'கிளாப்' பலகை தட்டுவது இதற்காகத்தான். பலகை மூடும் படத்தையும் 'டப்' என்ற ஒலியையும் ஒன்றாக வைத்துவிட்டால் மற்றவை தாமே பொருந்தும்.

இந்தச் சிறு செயலை விட்டால் என்ன ஆகும்? 1972 ஜனவரியில் அமெரிக்கப் பாடகி அரீதா பிராங்ளின் லாஸ் ஏஞ்சல்ஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடினார். இயக்குநர் சிட்னி பொல்லாக் குழுவினர் அதைப் படமாக்கினர். ஆனால் கிளாப் தட்டவில்லை. ஒலித்தட்டு அதே ஆண்டில் வெளிவந்தது. படமோ ஒலியோடு பொருந்தாமல் முடங்கியது. கணினி முறைகள் வந்த பிறகே அதைப் பொருத்த முடிந்தது. மற்றத் தடைகளும் நீங்கி, படம் மக்கள் முன் வந்தது 2018இல்!

தட்டினால் மட்டும் போதாது. இரு கருவிகளும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒவ்வொன்றிலும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் இருக்கிறது. இரண்டுக்குமிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு மணி நேரத்தில் 0.072 வினாடி விலகிவிடும். வினாடிக்கு 25 படச்சட்டங்கள் என்றால், இது ஏறக்குறைய இரண்டு சட்டங்கள். நீண்ட கச்சேரியில் இடையிடையே சரிபார்ப்பது அவசியம்.

ஒலி தாமதமாக வரும்

25 டிகிரி செல்சியஸில் ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. தவில்காரரை 70 மீட்டருக்கு அப்பாலிருந்து பெரிதாக்கிப் படமெடுத்தால், குச்சி தோலில் பட்டு 0.2 வினாடி கழித்தே ஒலி வரும். நீங்களே சோதிக்கலாம். பள்ளி மைதானத்தில் 70 மீட்டர் தள்ளி நண்பரைக் கைதட்டச் சொல்லிப் படமெடுங்கள். வினாடிக்கு 30 சட்டங்கள் எடுக்கும் கைப்பேசியில், கைகள் சேர்ந்த சட்டத்திலிருந்து ஆறு சட்டங்கள் கழித்து ஒலி கேட்கும்.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். இருவர் 35 மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒருவர் குரல் மற்றவரை அடைய 0.1 வினாடி ஆகும். வினாடிக்கு நான்கு சுரம் என்ற வேகத்தில் ஒரு சுரத்துக்கு உள்ள நேரமே 0.25 வினாடிதான். எனவே தூரத்து மைக் ஒன்றை மட்டும் நம்பினால் சாகித்தியம் குழம்பும். முன்னணிப் பாடகர்கள் அருகே உள்ள மைக்குகளை முதன்மையாக வைத்து, கூட்டத்தின் நிறைவுக்காகத் தொலைவு மைக்கின் ஒலியை அளவாகக் கலக்க வேண்டும்.

கேமரா எங்கே பார்க்க வேண்டும்?

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி கணேசன் நாதசுரம் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பதிவான இசைக்கு ஏற்ப நடிகர் நடித்தார். தவறினால் மீண்டும் எடுக்கலாம். கச்சேரிப் படத்தில் அந்த வசதி இல்லை. அந்தக் கணம் போனால் போனதுதான்.

ஆதலால் ஒரு கேமரா மேடை முழுவதையும் நிற்காமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவை கை, முகம், தாளம் போடும் ரசிகர் என்று நகரலாம். படத்தை வெட்டலாம், ஒலியை வெட்டக் கூடாது. ஆலாபனையின் நடுவே வினாடிக்கொரு காட்சி மாறினால் ராகம் வளர்வது மனத்தில் பதியாது. பாடகர் நிறுத்தியதும் வயலின்காரர் பதில் சொல்வார் என்பதை முன்கூட்டியே உணர, ஒளிப்பதிவாளருக்கும் இசை தெரிந்திருக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் மாண்டரேயில் 1967இல் நடந்த இசை விழாவை டி.ஏ. பென்னபேக்கர் படமாக்கினார். அதன் இறுதிப் பகுதி ரவிசங்கரின் சிதாரும் அல்லா ரக்காவின் தபலாவும். தொடக்கத்தில் கலைஞர் காட்டப்படவே இல்லை. இசை ஒலிக்க, கேட்போர் முகங்களே தெரிகின்றன. மெல்லமெல்லக் கேமரா மேடைக்கு வருகிறது. வேகம் ஏறும்போது விரல்களைப் பார்க்கிறோம். ராகம் விரியும் முறையிலேயே படமும் விரிகிறது. நல்ல கச்சேரிப் படத்தின் இலக்கணம் இதுதான்: எதைக் கேட்க வேண்டுமோ அதன் பக்கம் கண்ணைத் திருப்புவது.

எடுத்ததைக் காப்போம்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1969இல் நடந்த இசை விழாவின் சுமார் 40 மணி நேரப் பதிவு, பெரும்பகுதி பார்ப்பாரின்றி அரை நூற்றாண்டு கிடந்தது. 2021இல் அது படமாக வந்தபோதுதான் அந்த விழாவின் பெருமை உலகுக்குத் தெரிந்தது. நாடாக்கள் கெடாமல் காக்கப்பட்டிருந்ததால் இது முடிந்தது.

நம் ஊர்த் திருவிழாவில் வாசிக்கும் பலருடைய வாசிப்பு எந்த ஒலித்தட்டிலும் இல்லை. அவருடைய பாணி அவரோடு மறைந்துவிடலாம். எனவே அனுமதி கேட்டு, மைக்கை அருகில் வைத்து, ஒருமுறை கைதட்டிவிட்டுப் படமெடுங்கள். கலைஞர் பெயர், ஊர், நாள், ராகம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் இருக்கட்டும். ஒரு பிரதியை அந்தக் கலைஞருக்கும் கொடுங்கள்.