தீவுகளில் பழமதுவுக்கு ஏற்ற தக்கை

பழச்சாற்றை முறையாகப் புளிக்க வைத்து, தெளிவித்து, சுத்தமான புட்டியில் அடைத்த பின்னரும் மது கெட்டுப் போவதுண்டு. பல மாத உழைப்பு அவ்வாறு வீணாவதற்குக் காரணம் சில வேளைகளில் பழத்திலோ ஈஸ்ட்டிலோ இல்லை. புட்டியின் வாயை மூடிய சிறு தக்கையிலேயே இருக்கின்றது. தக்கை காற்றை உள்ளே விட்டால் மது காடியாகின்றது. தக்கையில் பூஞ்சை பிடித்தால் மதுவில் மக்கல் வாடை ஏறுகின்றது. புளிப்பு அடங்குமுன் புட்டியை இறுக மூடினாலோ, அது வெடித்து அருகில் இருப்பவரைக் காயப்படுத்தவும் கூடும்.

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் இவ்விஷயத்தில் கவனம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளும் இத்தீவுகளுக்கு மழை தருகின்றன. ஆண்டு மழையளவு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அன்னாசி, வாழை, பப்பாளி, நுணா இனத்தைச் சேர்ந்த நோனி முதலிய பழங்கள் இங்கு விளைகின்றன, தக்கை விளைவதில்லை. அது தாய்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வர வேண்டும். சென்னைக்கும், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் உள்ளது. கப்பலின் அடித்தளத்திலும் கடையின் அலமாரியிலும் கிடந்த தக்கை, வாங்குபவரின் கைக்கு வருமுன்னரே ஈரத்தைப் பருகியிருக்கலாம். குளிர்ந்த ஐரோப்பிய நிலவறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நூல்கள், தக்கை உலர்ந்து சுருங்காமல் காக்குமாறு அறிவுறுத்துகின்றன. தீவுகளில் அஞ்ச வேண்டியது உலர்ச்சி அன்று, ஈரமே.

தக்கையின் இயல்பு

தக்கை என்பது குவெர்க்கஸ் ஸூபர் என்னும் ஓக் மரத்தின் புறப்பட்டையாகும். இம்மரம் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியைச் சூழ்ந்த நாடுகளில் வளர்கின்றது. உலகின் தக்கையில் ஏறத்தாழப் பாதியைப் போர்ச்சுகல் நாடு அளிக்கின்றது. மரம் சுமார் 25 வயதை அடைந்த பின் முதன்முறை பட்டையை உரிப்பர். பின்னர் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை உரிக்கலாம். முதலிரண்டு பட்டைகள் கரடுமுரடானவை. மூன்றாவது முறை கிடைக்கும் பட்டையே புட்டித் தக்கைக்கு உகந்தது. ஆகவே ஒரு நல்ல தக்கைக்குப் பின்னே மரத்தின் நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட வளர்ச்சி நிற்கின்றது.

1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி, மெல்லிய தக்கைச் சீவலை உருப்பெருக்கியின் கீழ் நோக்கிச் சிறு சிறு அறைகளைக் கண்டார். அவற்றிற்கு அவர் இட்ட ‘ஸெல்’ என்னும் பெயரே இன்று உயிரணுவைக் குறிக்கின்றது. ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் இத்தகைய அறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் காற்று நிரம்பி மூடியிருப்பதால் தக்கை அமுக்கத்திற்கு இணங்கி, விட்டவுடன் விரிகின்றது. அறைச் சுவர்களில் உள்ள ஸூபெரின் என்னும் மெழுகு போன்ற பொருள் நீரை எளிதில் உட்புக விடுவதில்லை. மாலை கட்டவும் பொம்மை செய்யவும் பயன்படும் நெட்டியும் தக்கையைப் போன்றே இலேசானது. ஆயினும் அது நீரை உறிஞ்சிக் கொள்ளும். எனவே நெட்டியால் புட்டியை அடைக்க இயலாது. நம் நாட்டு மரமல்லியின் பட்டை தக்கைக்கு மாற்றாகப் பயன்பட்டதுண்டு. எனினும் அது தரத்தில் குறைந்தது.

முதற் கேள்வி: புளிப்பு அடங்கிவிட்டதா?

தக்கையின் வகையைப் பற்றி எண்ணுமுன் மதுவின் நிலையை அறிதல் அவசியம். ஈஸ்ட், சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கின்றது. ஒரு லிட்டர் மதுவில் 4 கிராம் சர்க்கரை எஞ்சியிருந்து புட்டிக்குள் புளித்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு உண்டாகும். வெப்பம் கூடினால் வாயு திரவத்தில் கரைந்திருக்கும் அளவு குறையும். குளிர்ந்த நிலவறையின் 10 டிகிரியில் உள்ள அழுத்தத்தைவிட, தீவுகளின் 30 டிகிரியில் அதே அளவு வாயு ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தை உண்டாக்கும். அடைத்த புட்டியில் கள் பொங்கி மூடியைத் தள்ளுவதும் இவ்வாயுவினாலேயே.

சாதாரணத் தக்கை இவ்வழுத்தத்தில் பிதுங்கி வெளியேறி விடும். அதனால் மது வீணாகும். திருகு மூடியும் உலோக மூடியும் அவ்வாறு எளிதில் வழிவிடா. அப்போது புட்டியே உடைகின்றது. ஆதலால் மூடி எவ்வளவு உறுதியானதோ, அவ்வளவு எச்சரிக்கை தேவை. ஹைட்ரோமீட்டர் கொண்டு மதுவின் ஒப்படர்த்தியை அளக்க வேண்டும். இனிப்பற்ற மதுவில் அது 1.000-க்குக் கீழே இறங்கி, ஒரு வாரத்திற்கு மேல் மாறாமல் நின்றால் புளிப்பு அடங்கியது எனக் கொள்ளலாம். கருவி இல்லாதவர்கள் வாயு வெளியேற வழியுள்ள பாத்திரத்திலேயே மதுவை விட்டு வைப்பது நன்று. புட்டியில் அடைக்கும் வேளையில் இனிப்புக்காகச் சர்க்கரை சேர்த்தால் புளிப்பு மீண்டும் தொடங்கக் கூடும் என்பதை மறத்தலாகாது.

வகையும் அளவும்

முழுத் தக்கை ஒரே பட்டையிலிருந்து குடைந்தெடுக்கப்படுவது, விலை மிக்கது, பல ஆண்டுகள் வைத்திருக்கும் மதுவுக்கு ஏற்றது. துகள் தக்கை பட்டைத் துகள்களைப் பசையிட்டு இறுக்கி ஆக்கப்படுவது; ஓராண்டுக்குள் அருந்தும் மதுவுக்கு இதுவே போதும். துகள் தக்கையின் இரு முனைகளிலும் முழுத் தக்கை வட்டு ஒட்டியது மூன்றாவது வகை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் தாங்கும். பிளாஸ்டிக்கால் ஆன செயற்கைத் தக்கை ஈரத்தைப் பருகாது. தலைப்பகுதி பருத்த தக்கையைக் கையாலேயே அழுத்தலாம். சில வாரங்களில் தீர்ந்துவிடும் புட்டிக்கு மட்டும் அது பொருந்தும். பீர்ப் புட்டியின் உலோக மூடி நன்கு அடைக்கும். ஆயினும் கடற்காற்றில் அது துருப்பிடிப்பதைக் கவனித்து வர வேண்டும்.

மதுப் புட்டியின் கழுத்தின் உட்குறுக்களவு வாயருகே சுமார் 18.5 மில்லிமீட்டர். அதற்குரிய தக்கை 24 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. இவ்வேறுபாடே அடைப்பின் உறுதிக்கு ஆதாரம். கையால் நுழைக்கத்தக்க தக்கை அவ்வாயை நெடுநாள் காக்காது. தக்கையை அமுக்கிச் செலுத்தும் கருவி தேவை. நீளத்தில் 38 மில்லிமீட்டர் ஓராண்டுக்குப் போதும். நெடுநாளைக்கு 44 அல்லது அதற்கு மேல் கொள்ளலாம். பழைய புட்டிகளைப் பயன்படுத்துவோர் ஒவ்வொன்றின் வாயையும் அளந்து பார்த்தல் நலம். ஒரு முறை துளைத்து எடுத்த தக்கையை மீண்டும் பயன்படுத்தலாகாது.

வெப்பமான இடத்தில் மது விரைவில் முதிர்கின்றது. குளிர்ந்த அறையில்லாத வீட்டில் பழமதுவைப் பல ஆண்டுகள் வைத்திருப்பதால் பயன் இல்லை. ஆகவே தீவுகளில் விலைமிக்க முழுத் தக்கையை நாடுவதைவிட, புதிதாகவும் உலர்ந்தும் உள்ள துகள் தக்கையையோ செயற்கைத் தக்கையையோ தேர்தலே அறிவுடைமை.

பூஞ்சையும் குளோரினும்

1981-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் டானரும் அவருடன் பணியாற்றியோரும், மதுவின் மக்கல் வாடைக்கு டிரைகுளோரோ அனிஸோல் என்னும் பொருள் முக்கிய காரணம் என்று கண்டறிந்தனர். குளோரின் கலந்த பீனால் பொருள்கள் தக்கையில் இருக்கும்போது பூஞ்சைகள் அவற்றை இப்பொருளாக மாற்றுகின்றன. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கும் மூக்கும் அறிந்து விடும். அது உடலுக்குத் தீங்கு செய்வதில்லை, சுவையைக் கெடுக்கின்றது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, தக்கையையும் புட்டியையும் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடர் முதலிய குளோரின் பொருள்களைத் தொடலாகாது. இரண்டாவது, பூஞ்சைக்கு இடம் கொடுக்கலாகாது. ஈரப்பதம் 70 சதவீதத்தைக் கடந்தால் பூஞ்சை வளர ஏதுவாகின்றது. தீவுகளின் திறந்த அலமாரியில் இந்நிலை எப்போதும் உண்டு. எனவே காற்றுப் புகாத உறையில் உள்ள தக்கைகளையே, ஒரு முறைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்க வேண்டும். உறையைப் பிரித்த அன்றே பயன்படுத்துதல் நன்று.

வாங்கிய தக்கையில் ஒன்றை எடுத்து, சுத்தமான வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் இட்டு மூடி, மறுநாள் முகர்ந்து பார்க்கலாம். நனைந்த துணியின் வாடையோ மண்வாடையோ இருந்தால் அத்தொகுதியை விலக்க வேண்டும். விரலால் அமுக்கினால் உடனே நிமிராத தக்கையும், வெடிப்பும் பொடியும் உள்ள தக்கையும் உதவா.

அடைக்கும் முறை

தக்கையைக் கொதிக்க வைப்பது தவறு. அதன் மீள்திறன் குன்றும். துகள் தக்கையோ உதிர்ந்தே போகும். உறை பிரிந்து நாளானவற்றை, பழரசம் கெடாதிருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் அலசி வடித்தால் போதும். மதுவுக்கும் தக்கைக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். அடைத்த புட்டியை ஒரு நாளேனும் நிமிர்த்தி வைத்தால், தக்கை விரிந்து பற்றிக் கொள்ளும். நெடுநாள் வைப்பவற்றைப் பின்னர் படுக்க வைக்கலாம். சில மாதங்களில் தீர்பவை நிமிர்ந்தே இருக்கலாம். தக்கையின் மேல்முகத்தை உலரத் துடைத்த பின்னரே மெழுகிட வேண்டும். ஈரத்தின் மேல் இட்ட மெழுகு பூஞ்சையை உள்ளே வைத்து மூடியதாகும். வீட்டில் மது தயாரித்தல் ஆயத்தீர்வைச் சட்டத்திற்கு உட்பட்டதாதலால், அதற்குரிய அனுமதியை முன்னரே அறிந்து கொள்ளுதலும் கடமை.

சுருங்கக் கூறின், மதுவின் புளிப்பு அடங்கியிருத்தல், புட்டியின் வாயளவு, வைத்திருக்கும் காலம், சுற்றியுள்ள காற்றின் ஈரம் ஆகிய நான்கையும் வரிசையாக ஆராய்ந்து தக்கையைத் தேர்ந்தால், தீவின் மழைக்காலத்திலும் பழத்தின் மணம் புட்டியில் கெடாது நிற்கும்.