மதிப்பெண் ஏறும்போது மூளை ஏன் அடங்குகிறது?

செல்போனில் கணக்கு விளையாட்டு ஆடும் பிள்ளை அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால், மூளையைப் போட்டுப் படிக்கிறது என்று வீட்டில் ஒரு திருப்தி. அசையாமல் இருப்பது வேறு, மூளை உழைப்பது வேறு. அந்த உழைப்பை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல்.

1924-ல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. அதன் வாரிசு. கணக்கு கடினமாக ஆக, முன்மண்டையில் நொடிக்கு 4 முதல் 8 முறை அதிரும் தீட்டா அலை பொதுவாக வலுக்கும். பின்பக்கம் ஆல்ஃபா அலை தளரும். இவை மிக நுண்ணிய மின்னழுத்தங்கள். கண் சிமிட்டினாலே அவற்றை மூழ்கடிக்கும் அலை எழும்பிவிடும். துள்ளி ஆடும் பிள்ளையிடம் இதை அளப்பது எத்தனை பாடு என்று நினைத்துப் பாருங்கள்!

சரி, சுத்தமாகவே அளந்துவிட்டோம். உழைப்பு குறைந்திருப்பதாகக் கருவி காட்டுகிறது. நல்லதா, கெட்டதா?

1992-ல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஹையர் குழுவினர், டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்களின் மூளை எவ்வளவு குளுக்கோஸைச் செலவழிக்கிறது என்று பார்த்தார்கள். சில வாரப் பயிற்சிக்குப் பின் மதிப்பெண் ஏழு மடங்குக்கு மேல் ஏறியது. மூளையின் புறணிப் பகுதிகளில் குளுக்கோஸ் செலவோ இறங்கியது. கை தேர்ந்ததும் மூளை சிக்கனமாகிவிட்டது. ஆனால், ‘இது நமக்கு வராது’ என்று கைவிட்ட பிள்ளையிடமும் உழைப்பு இறங்கத்தான் செய்யும். மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெப்பமானி சூளையின் அப்போதைய சூட்டைச் சொல்லும். மண் பதமாக வெந்ததா என்பதை, உள்ளே வைத்த கூம்பு வளைந்திருப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஈ.ஈ.ஜி. அந்த வெப்பமானியின் வேலையைத்தான் செய்கிறது; கூம்பின் வேலை மதிப்பெண்ணுடையது.

இன்னொரு எச்சரிக்கை தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. தாரா தியாகராஜன் குழுவினர் குக்கிராமம் முதல் நகரம் வரை 48 ஊர்களில் 402 பெரியவர்களிடம் ஈ.ஈ.ஜி. எடுத்து, 2021-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விளையாட்டு எதுவும் இல்லை. சும்மா இருக்கும்போதே வருமானம், படிப்பு, பயணம், போன் பயன்பாடு ஆகியவற்றோடு சேர்ந்து மூளை அலைகளும் வேறுபட்டன. அப்படியிருக்க, அமெரிக்கக் கல்லூரி மாணவரின் அலையை அளவுகோலாக வைத்து விருத்தாசலத்து மணிமுத்தாற்றங்கரைப் பிள்ளையை எடைபோடுவது அபத்தம். கவனத்தை அளக்கிறோம் என்று ஈ.ஈ.ஜி. தலைப்பட்டைகளைப் பள்ளிகளுக்கு விற்க வருபவர்களிடம், யாருடைய அலை உங்கள் அளவுகோல் என்று கேட்கலாம்.

2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆட்டமும் பாட்டும் பாடமாகிவிட்டன. அங்கே அளக்க எந்தப் பட்டையும் வேண்டாம். ஃப்ரெட் பாஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1992-ல் ஒன்பது படிகள் கொண்ட எளிய அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார்: எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்று கற்பவரிடமே கேட்பது. சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று படி போதும். பல்லாங்குழி ஆட்டம் முடிந்ததும் கேட்டு, பதிலை விடைகளின் பக்கத்திலேயே குறித்து வைக்கலாம். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு ‘ரொம்ப ஈஸி டீச்சர்’ என்பவளுக்கு அடுத்த ஆட்டத்தைக் கொடுக்கலாம். எல்லாம் தப்பாகப் போட்டுவிட்டு அதையே சொல்பவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.