அலை உயரமும் பட்டு நூல் விலையும்

கட்டுமரம் தள்ளும் முன் மீனவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்று அலை எவ்வளவு உயரம்? புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், இணையம் நகரங்களுக்கே புதிதாக இருந்த காலத்தில், இதற்கான பதில் ஊர் ஒலிபெருக்கியில் தமிழில் வந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் நிதியுதவியோடு 1998-இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் அது. வில்லியனூரில் மைய நிலையம். அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குத் தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்பாமல் வி.எச்.எஃப். வானொலி அலை வழியாகவும் தரவு போனது. கரண்ட் போனால் கைகொடுக்கச் சூரியத் தகடுகள் இருந்தன.

அலை உயரத்தை எப்படி முன்கூட்டிச் சொல்வது? காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எத்தனை தூரம் தடையில்லாமல் வீசுகிறது என்ற மூன்றும்தான் அலையை வளர்க்கின்றன. அமெரிக்கக் கடற்படை இதைக் கணினியில் கணக்கிட்டுத் தன் இணையதளத்தில் வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழாக்கி அனுப்பினார்கள். இத்தகைய கணிப்பில் வரும் எண், மிக உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இரண்டு மீட்டர் என்றால், இடையில் அதைப்போல் இரு மடங்கை நெருங்கும் தனி அலையும் வரலாம். கடலைப் படித்த மீனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண் கைக்கு வந்தால் போதும்.

எனக்கு இந்தத் திட்டத்தில் பெரிதாகப் படுவது கருவிகள் அல்ல. கணினியை வைக்கும் முன் ஊராரிடம் போய், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். நெல் விலை, அரசு உதவித் திட்டம், வறுமைக்கோட்டுப் பட்டியலில் தன் பெயர் உண்டா என்று ஊருக்கு ஊர் பதில் மாறியது. இடம் கொடுத்தது ஊர். நிலையத்தை நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். திட்டத்தில் இருந்த எம்பலம் என்ற ஊரில் கணினி அறை கோயில் கட்டடத்திலேயே அமைந்தது. அன்று கோயில் வாசலில் தலித்துகளுக்கு அனுமதி இல்லை. கணினி அறைக்கு இருந்த தனி வாசலில் யாரும் நுழையலாம்.

2004 டிசம்பர் 26 காலை, இத்திட்டத்தின் ஊர்களில் ஒன்றான நல்லவாட்டைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் நிலையத்துக்கு ஓடி, பூட்டிய கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. சுமார் 3,600 பேர் கொண்ட அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.



ஊர் கேட்பதைத் தேடித் தரும் இந்த முறையை ஆரணிப் பட்டு வட்டாரத்தில், செய்யாற்றங்கரைக் கலசப்பாக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கே தறியே தகவலில்தான் ஓடுகிறது. கரையிலும் முந்தியிலும் வரும் மயில் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரையப்பட்டு, பிறகு ஓட்டை போட்ட அட்டைகளாகிறது. ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும்; அதற்குரிய கொக்கி எழுந்து பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை நகர்கிறது. ஜக்கார்டு என்பவர் 1804-இல் பிரான்சின் லியோனில் உருவாக்கிய முறை இது. அமெரிக்கா தன் 1890 மக்கள்தொகைக் கணக்கை எண்ணியதும் துளை அட்டைகளை வைத்துத்தான்.

புடவையின் உருவத்தைச் சொல்லும் தகவல் தறிக்கு மேலேயே தொங்குகிறது. அதன் விலையைச் சொல்லும் தகவல்தான் நெசவாளரிடம் வருவதில்லை. கர்நாடகத்தின் ராமநகரம் சந்தையில் பட்டுக்கூடு மின்னணு ஏலத்தில் போகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விப்பவருக்கு இரண்டு விலையும் தெரியும். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது கூலி மட்டும். நூல் விலை ஏறிவிட்டது, அதனால் கூலி கூட்ட முடியாது என்று நெய்விப்பவர் சொன்னால் அதைச் சரிபார்க்க நெசவாளரிடம் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று எடுக்க இ-சேவை மையம் இருக்கிறது. இவை நல்லவை, வேண்டியவை. ஆனால் இ-சேவை மையத்தில் குடிமகன் விண்ணப்பதாரராகத்தான் நிற்கிறார். வில்லியனூரில் ஊர் கேட்டது, நிலையம் தேடித் தந்தது. நெசவாளருக்கும் அப்படி ஒன்று வேண்டும்: கச்சாப் பட்டின் அன்றைய விலை, சரிகை விலை, கூட்டுறவுச் சங்கம் ஒரு புடவைக்குத் தரும் கூலி, நெசவாளர் நலத்திட்டங்களில் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி. தினமும் காலையில் ஒருவர் இதைத் திரட்டித் தமிழில் போனுக்கு அனுப்பினால் போதும். அந்த ஒருவர் நெசவுத் தெருவிலேயே வளர்ந்த, பட்டப் படிப்பு முடித்த பெண்ணாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் ஒதுக்கும் திட்டம்தான் இன்னும் வரவில்லை.