அகராதிக்கு வெளியே இருந்த சொற்கள்

கலைஞரைக் "காலத்தின் கண்ணாடி" என்று புகழ்வது நம் மேடைகளில் வழக்கம். கண்ணாடி தன் எதிரே நிற்பதைத்தான் காட்டும். எதிரே நிற்கவே விடப்படாதவர்களை அது எப்படிக் காட்டும்? ஒரு கலைஞர் தம் காலத்தில் பெரியவராவது எதனால் என்று கேட்கும்போது, நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மராத்தியக் கவிஞர் நாம்தேவ் தசாலை எடுத்துக்கொள்வோம். 1949இல் புனே அருகே ஒரு கிராமத்தில் மகர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் பம்பாய்க்கு வந்தவர், டாக்ஸி ஓட்டியவர். 1972இல் வெளிவந்த முதல் தொகுப்புக்கு, பாலியல் தொழில் நடக்கும் பகுதியின் பெயரையே வைத்தார்: 'கோல்பிட்டா'. அதற்கு முன்னுரை எழுதியவர் விஜய் தெண்டுல்கர். மராத்தி நாடகத்தையே உலுக்கிய அவருக்கு அக்கவிதைகளின் பல சொற்கள் விளங்கவில்லை. தசாலிடம் பொருள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

இதை ஒரு சுவையான தகவலாக மட்டும் நாம் கடந்துவிட முடியாது. ஒரே நகரம், ஒரே மொழி. ஆனாலும் படித்த மராத்தி சில தெருக்களுக்குள் போனதே இல்லை. மொழிக்குள்ளும் ஊர், சேரி உண்டு. தசால் சேரிச் சொற்களைக் கழுவித் துடைத்து இலக்கியத்துக்குள் கொண்டுவரவில்லை. வசை, நோய், பசி எல்லாவற்றோடும் அப்படியே வைத்தார். நடந்து வர வேண்டிய வேலை வாசகருடையதாயிற்று. அவருடைய காலம் அவரை வாசிக்கத் தன் மொழியையே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. அவர் பெருமை அதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

அதே 1972இல் ஜே.வி. பவார், ராஜா தாலே முதலியோருடன் தலித் சிறுத்தைகள் இயக்கத்தை எழுப்பினார். பிற்பாடு நெருக்கடி நிலையை ஆதரித்தார். 1974இல் வொர்லியில் சிறுத்தைகள் எந்தச் சிவசேனையோடு மோதினார்களோ, அதன் 'சாம்னா' நாளேட்டில் பின்னாளில் பத்தியும் எழுதினார். இப்படிப்பட்டவரைப் பெரியவர் என்பதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கவிதையைக் காட்டி அந்த அரசியலுக்கு மன்னிப்பு வாங்க முடியாது. அரசியலைக் காட்டிக் கோல்பிட்டாவின் சொற்களைத் திரும்ப வெளியே தள்ளவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. பாலியல் தொழிலாளரின் வலியை எழுதிய கவிஞரின் வீட்டுக்குள் நடந்த வன்முறையை, அவருடைய மனைவியும் கவிஞருமான மல்லிகா அமர் ஷேக் 1984இல் தன்வரலாறாக எழுதினார். அது மராத்தியில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. கோல்பிட்டாவை வாசிக்கும் தோழர்கள் அந்நூலையும் அருகில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.