குட்டி டார்ச் வாங்கப் போறீங்களா?

"டார்ச் லைட்டா? அதான் செல்போன்லயே இருக்கே!" என்று வீட்டில் ஒரு குரல் நிச்சயம் கேட்கும். வாஸ்தவம்தான். ஆனால் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய், காவிரியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, நாள் முழுக்கப் போட்டோ எடுத்த போனில் ராத்திரி எவ்வளவு சார்ஜ் மிஞ்சும்? அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிட வேண்டிய போனை விளக்காக எரித்துத் தீர்த்துவிட்டால், பிறகு என்ன செய்வது? மலைக்கோ ஆற்றங்கரைக்கோ போய் இரவு தங்குகிற குடும்பத்துக்குத் தனியாக ஒரு குட்டி டார்ச் அவசியம்.

தர்மபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். வெயில் ஏறுமுன் தீர்த்தமலைக் கோயிலுக்குப் படியேற இருட்டிலேயே கிளம்புகிறவர்கள் உண்டு. வத்தல்மலை, சித்தேரி பக்கம் போய் இரவு தங்குகிறவர்களும் உண்டு. இங்கெல்லாம் டார்ச்சின் முதல் வேலை அழகு பார்ப்பதல்ல. அடுத்த அடி எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பதுதான்.

காலடியில் வெளிச்சம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடி விரியனோ சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும்; மிதித்தால்தான் தெரியும். ராத்திரி குழந்தையை ஒன்றுக்கு அழைத்துப் போகிறவள் அம்மாதானே? அவள் கையில்தான் டார்ச் இருக்க வேண்டும். படுக்கையை விட்டுக் காலை இறக்குமுன் ஒரு தடவை தரையில் அடித்துப் பார்க்க வேண்டும். செருப்பு, ஷூவையும் உதறிவிட்டே போட வேண்டும்.

லூமன் கணக்கு

பழைய டார்ச்சில் இருந்த குண்டு பல்பு, பேட்டரி சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடித்தது. எல்.ஈ.டி. அப்படியில்லை, கொஞ்ச சக்தியில் நிறைய வெளிச்சம் தரும். நீல நிற எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சு வைத்துத்தான் வெள்ளை வெளிச்சம் வரவழைக்கிறார்கள்.

கடைக்காரர், "இது ஆயிரம் லூமன் அம்மா!" என்பார். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவத்தி சுமார் 12 லூமன். கூடாரத்துக்குள் 20, 30 போதும். கரடுமுரடான பாதையில் நடக்க 100 இருந்தால் தாராளம். அதற்கு மேல் போனால் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கையும் கவனியுங்கள். லூமன் எண் அதிக வெளிச்சத்துக்கானது; மணிக்கணக்கு பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்துக்கானது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று ஏமாந்துவிடாதீர்கள்.

கடையிலேயே சோதியுங்கள்

மேஜைக்கடியில் இருட்டான இடத்தில் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நடுவில் மட்டும் ஒரு பொட்டாக விழும் வெளிச்சம் தூரத்துக்குச் சரி. காலடிக்கு வேண்டியது நாலாபக்கமும் பரவும் வெளிச்சம்தான். இடுப்பில் குழந்தையோடு ஒரே கையால் போட்டு அணைக்க முடிகிறதா? குறைச்சல், அதிகம் என்று இரண்டு நிலை போதும். மினுக்மினுக்கென்று அடிக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருந்தால் சாரலைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது. பரிசலில் போகிறவர்களுக்கு இது நல்லது.

எந்தப் பேட்டரி? சார்ஜ் செய்வது சிக்கனம்தான். ஆனால் கரண்ட் இல்லாத இடத்தில் தீர்ந்துபோனால்? சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி என்றால் மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

குழந்தை உள்ள வீடா? இதைப் படியுங்கள்

சாவிக்கொத்தில் தொங்கும் மலிவான குட்டி டார்ச்சுகளைப் பார்த்ததும் குழந்தைகள் கை நீட்டும். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது காசு மாதிரி தட்டையான பட்டன் பேட்டரி. இதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் பட்டே மின்சாரம் ஓடி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். 'தீர்ந்துபோன பேட்டரிதானே' என்று அலட்சியம் கூடாது. அதில் மிஞ்சியிருப்பதே போதும்.

ஆகவே திருகாணி போட்டு மூடிய டார்ச்சாக வாங்குங்கள். நகத்தால் நெம்பினாலே திறக்கும் மூடி குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது. பழைய பட்டன் பேட்டரியை டேப் சுற்றி, எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாழைப்பழம் கொடுத்தால் 'தானா வெளியே வந்துடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கிளம்பும்போது

பையில் டார்ச் தானாகவே எரிந்து தீராமல் இருக்க, பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பல டார்ச்சுகளில் இது பலிக்கும். ஊர் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்து பாழாகாது. அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்கு அடியில் டார்ச்சை வைத்துப் பாருங்கள், அரிக்கேன் விளக்கு மாதிரி பரவும். யார் கண்ணிலும் நேராக அடித்து விளையாடக் குழந்தைகளை விடாதீர்கள்.

இன்னொன்று. பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் யானைகள் உண்டு. கையில் டார்ச் இருக்கும் தைரியத்தில் ராத்திரி காட்டுக்குள் நடந்துவிடாதீர்கள். அது தங்கிய இடத்தில் பத்திரமாக நடமாடத்தான்.

விலையைக் கேட்குமுன் டார்ச்சின் மூடியைத் திறந்து பாருங்கள். சுலபமாகத் திறந்துவிட்டதா? திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.